மரக்காணத்துக்குச் சுவிட்சர்லாந்துப் படை போன கதை

புதுச்சேரிக்காரனுக்கு வெளிநாடு போவது வெகு சுலபம். காலையில் தின்ற ரொட்டி செரிப்பதற்குள் எல்லை வந்துவிடும். எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. அங்கே போலீஸ்காரர் தொப்பி வேறு, தபால் தலை வேறு, காப்பியும் வேறு. அதிலும் 1942 சித்திரையில் நான் போன பயணத்துக்கு ஈடாக எந்தப் பயணத்தையும் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டின் படை முழுவதையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு அல்லவா புறப்பட்டேன்!

பெட்டி என்றால் என் மாஜிக் லாந்தர் பெட்டி. யுத்தத்துக்கு முன்பு ஒரு பிரெஞ்சு நீதிபதி தம் பிள்ளையின் நுரையீரலுக்கு மலைக்காற்று வேண்டுமென்று சுவிட்சர்லாந்துக்குப் போனபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். ஒரு வருஷம் பனியில் நடுங்கிவிட்டுத் திரும்பும்போது அந்த நாட்டைக் கண்ணாடிப் படங்களாக வாங்கி வந்தேன். ஏரி, பனிமலை, மாடு, படை எல்லாம் இருந்தன. கல்யாண வீடுகளில் அவற்றைத் திரையில் காட்டித்தான் என் பிழைப்பு நடந்தது.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த என் சிநேகிதர் சுந்தரமூர்த்தி, தம் வண்டிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். “அந்த மலை நாட்டுப் படத்த எடுத்துக்கினு ஜல்தியா வரச் சொல்லு. பட்டாளத்துப் படத்த மறந்துட்டு வந்துடப் போறாரு.” எதற்கென்று வண்டிக்காரருக்கும் தெரியவில்லை.

எல்லையில் ரயிலுக்குள் ஏறிய சுங்கச் சேவகர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கண்ணாடியையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பனிமலையைப் பார்த்து உப்பளமா என்றார். மாட்டைப் பார்த்து, மடி நல்ல மடி என்று பாராட்டினார். துப்பாக்கியோடு வரிசையாக நின்ற சிப்பாய்களைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“இவங்க யாரு? ஜெர்மன்காரங்களா?”

“இல்லீங்க. சுவிட்சர்லாந்துக்காரங்க. யாரோடும் சண்டைக்குப் போகாதவங்க.”

“சண்டைக்குப் போவாதவனுக்கு எதுக்குய்யா துப்பாக்கி?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். ரயில் ஊதிவிட்டது. அவர் படையை என் மடியிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்ததும் எனக்குத் திருவிழாவோ என்று தோன்றியது. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னைப் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் தெற்கே ஓடிவந்த நாட்கள் அவை. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. கட்டில், தையல் மிஷின், கூண்டுக்கிளி, தொட்டிலோடு குழந்தை எல்லாம் கிடந்தன. ஒரு அம்மாள் புருஷனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “ஆட்டுக்கல்லத் தூக்கிக்கினு வந்த ஆளு, அரிசி மூட்டைய உட்டுட்டு வந்தியே. கல்லையா ஆட்டித் திங்கறது?” அவர் ஆட்டுக்கல்லின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

நான் போக வேண்டிய ரயில் பட்டணத்தை நோக்கிப் போவது. அதில் ஈ காக்கை இல்லை. ராஜா மாதிரி காலை நீட்டிப் படுத்தேன். ஜன்னல் வழியே ஒரு பெரியவர் தலையை நீட்டி, “தம்பி, ரயில் மாறி ஏறிட்டியேப்பா” என்று பதறினார். சரியான ரயில்தான் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிளாட்பாரத்தில் வாங்கின இரண்டு இட்லிப் பொட்டலத்தில் ஒன்றை என் கையில் வைத்தார். சாகப் போகிறவனுக்குக் கடைசிச் சோறு போடுவதாக நினைத்திருப்பார். இட்லி நன்றாகவே இருந்தது.

திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியதுமே வறுத்த மல்லாட்டை வாசனை வரவேற்றது. சுந்தரமூர்த்தி குள்ளமான மனிதர். பேச்சு மட்டும் ஏழடி உயரம் இருக்கும். ஊரில் யுத்தக் கமிட்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் இவரும் மெம்பர். மத்தியானம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார் அவர் வீட்டம்மாள். எங்கள் ஊர் ரொட்டியைச் சூப்பில் நனைத்துத் தின்று பழகிய எனக்கு, களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியவில்லை. நான் மெல்ல மெல்ல அது வாய்க்குள் வளர்ந்துகொண்டே போயிற்று. அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

கை கழுவிய பிறகு சிநேகிதர் விஷயத்தை உடைத்தார். பிரெஞ்சு ஊர்க்காரன் என்பதால் என்னை முசே என்றுதான் கூப்பிடுவார்.

“முசே, மேட்டரு இதான். ஜப்பான்காரன் கரையேறினா அவன் கையில ஒரு படகு, ஒரு கட்டுமரம் சிக்கக் கூடாதுன்னு பேச்சு. கடலோரத்துல இருக்கறத எல்லாம் வண்டியில ஏத்தி உள்ளாரக் கொண்டாந்துடப் போறாங்க. ரெண்டு குப்பத்துல எடுத்தாச்சு. நாளன்னிக்கு மரக்காணத்துக்கு வடக்க இருக்கற குப்பம். துணைத் தாசில்தாரே வர்றாரு.”

“கட்டுமரத்தை எடுத்துவிட்டால் குப்பத்து ஜனங்கள் எதைச் சாப்பிடுவார்கள்?”

“அதாங்க பேஜாரு. போன குப்பத்துல பொம்பளைங்க வண்டிச் சக்கரத்துல தலைய வச்சிப் படுத்துட்டாங்க. அதனால இந்த வாட்டி முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லிப்புடலாம்னு தாசில்தாரு ரோசனை. சின்ன நாடு ஒண்ணு எதிரி வரான்னு எப்பிடி ரெடியா நின்னுது, சனங்க எப்பிடி ஒத்துழைச்சாங்க, அத நீங்க காட்டணும். அரசாங்கம் அனுப்பறதா சொன்ன படம் பட்டணத்தோட காலியாயிடுச்சு. உங்க படம்தான் கதி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்தைப் பறிகொடுக்க மனசைத் தயார் செய்யவா என் சுவிட்சர்லாந்து? முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தப் படையைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் காத்திருக்கிறது என்று கேட்டதும் நாக்கு தினவெடுத்துவிட்டது. கல்யாண வீடுகளில் நான் படையைப் பற்றி ஆரம்பித்தால், “மாட்டைக் காட்டுங்க” என்று கத்துவார்களே ஒழிய, எவன் கேட்டான்? போவது, உள்ளதை உள்ளபடி சொல்வது, ஒப்புக்கொடுங்கள் என்று மட்டும் சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கரி பஸ்ஸில் பயணம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தகர அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, புகையிலேயே ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதைவிடத் தள்ளினோம் என்பதே பொருத்தம். பிரம்மதேசத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. அதில் ஏற மாட்டேன் என்று பஸ் உட்கார்ந்துகொண்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறினார். கண்டக்டர் விசிறி போட்டார். ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சுவிட்சர்லாந்தில் மலையுச்சிக்கே பல்சக்கர ரயில் போகும் என்று பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். “அப்ப அங்கியே இருந்திருக்கலாமே” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்த பஸ்ஸில்தான் கன்னியம்மாளைப் பார்த்தேன். திண்டிவனம் சந்தையில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நான் தள்ள இறங்கியபோது என் பெட்டியை நான் கேட்காமலே மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் என் பெட்டிக்கும் மீன் வாசனை வந்துவிட்டது. எந்த ஊருக்கு என்று விசாரித்தால், நான் போகிற அதே குப்பம்.

“படம் காட்ற ஐயா நீங்கதானா? காட்டுங்க. மரத்தப் புடுங்கறதுக்கு முன்னாடி படமாச்சும் பாத்துக்கறோம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் ரங்கூனுக்குப் போய் அரிசி ஆலையில் வேலை செய்தவன். ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்ததிலிருந்து சேதி இல்லை. அவளுடைய தம்பிகள் இரண்டு பேர் அவள் மரத்தில் கடலுக்குப் போய்ப் பிடித்து வருவதை அவள் விற்க, ஒன்பது வாய்கள் சாப்பிட்டன. “மரம் போச்சின்னா ஒம்போது பேரும் மண்ணத்தான் திங்கணும்” என்றாள்.

அவள் சொல்லி முடிக்கவும், எதிரே மூன்று மாட்டு வண்டிகள் வந்தன. கட்டுமரங்கள் கட்டோடு கட்டாக அவற்றின் மேல் கிடந்தன. வண்டிக்குப் பின்னால் ஒருவரும் அழுதுகொண்டு வரவில்லை. பக்கத்துக் குப்பத்து மரம் என்றாள் கன்னியம்மாள்.

சாயங்காலம் குப்பத்துக்குத் துணைத் தாசில்தார் வந்து சேர்ந்தார். வாலிபர். குதிரையில் வந்ததால் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் தோளில் சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகர் ஒருவர். கடற்கரையில் பாய்மரச் சீலையைத் திரையாகக் கட்டி, எல்லாரும் மணலில் உட்கார்ந்தாயிற்று. நான் விளக்கை ஏற்றப் போனேன். தாசில்தார் பாய்ந்து வந்து ஊதி அணைத்தார். கடலோரத்தில் இருட்டடிப்பு! ஒரு பீடி நெருப்புக்கூட கடலுக்குத் தெரியக் கூடாதாம். படை ஆரம்பத்திலேயே பின்வாங்கிற்று.

வலைக் கொட்டகைக்குள் போய், ஓலைத் தட்டிகளை நாலாபக்கமும் சார்த்திக்கொண்டோம். உள்ளே இருநூறு பேரும் ஈர வலையும் சித்திரைப் புழுக்கமும். மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. ஆனால், முதல் பனிமலை சீலையில் விழுந்ததும் அத்தனை பேரும் “ஹா!” என்றார்களே, அந்தச் சத்தத்துக்காக நான் இன்னொரு முறை அந்த பஸ்ஸைத் தள்ளுவேன்.

“அந்த ஊர்ல கடல் எந்தப் பக்கம்?” என்று ஒருவர் கேட்டார்.

“கடலே இல்லை. சுத்தி வேற நாடுங்க. நடுவுல மலை.”

“கடலே இல்லியா? அய்யோ பாவம்” என்று கொட்டகை முழுவதும் உச்சுக் கொட்டியது.

பிறகு படைக்கு வந்தேன். எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. அந்த நாட்டில் படை என்று தனியாகப் பாசறையில் குந்திக்கொண்டிருக்கும் கூட்டம் ரொம்பச் சொற்பம். ரொட்டி சுடுகிறவர், பால் கறக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், இவர்கள்தான் படை. ஆளுக்கொரு துப்பாக்கியும் உடுப்பும் அவரவர் வீட்டிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைத் தோளில் மாட்டி, ரயிலில் போய்க் குறிபார்த்துச் சுட்டுவிட்டு வருவார்கள். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி ஒரு நாள் என்னிடம், “சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பொறுங்கள். அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிக்காமல் கூப்பிட்டால் எரிந்து விழுவார்” என்று சொன்னாள். எங்கள் ஊரில் பூஜை அறையிலிருந்து புருஷனைக் கூப்பிடப் பயப்படுகிற மாதிரி!

“துப்பாக்கிய வூட்ல எங்க வைப்பாங்க?” இது கன்னியம்மாள்.

“பரண்லயோ அலமாரியிலயோ.”

“சண்ட வந்தா பொண்டாட்டிய சுட்டுட மாட்டானா?”

“அப்படி அடிக்கடி நடக்கிறதா நான் கேள்விப்படலை.”

“நல்ல ஊருதான்” என்றாள். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

யுத்தம் வந்ததும் சுவரொட்டி ஒட்டி, கோயில் மணி அடித்தார்கள். வீட்டிலிருந்த துப்பாக்கிகள் எல்லாம் தெருவுக்கு வந்தன. இரண்டு மூன்று நாளில் நாடே படையாக நின்றுவிட்டது. கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காவலுக்கு. பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் வண்டி ஓட்டவும். பூங்காவைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். பாலத்துக்கெல்லாம் அடியில் வெடி வைத்தார்கள். பக்கத்து நாடுகள் எல்லாம் விழுந்து, நாலு பக்கமும் எதிரி சூழ்ந்துகொண்டபோது, சமவெளியைப் பிடித்தாலும் பிடித்துக்கொள், மலை மட்டும் கிடைக்காது என்று படையைக் கொண்டுபோய் மலைக்குள் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் பிறகு பத்திரிகையில் படித்தது.

“எதிரி வந்தானா?” என்று நாட்டார் கேட்டார். நாட்டார் என்பவர் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர். வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

“இன்னும் வரலை.”

“வந்தா தோப்பாங்களா, செயிப்பாங்களா?”

“தெரியாது. ஆனா உள்ள நுழையறதுக்கு எவ்வளவு செலவாகும்னு எதிரி கணக்குப் போட்டுப் பார்க்கணும் இல்லையா? அதுக்குத்தான் இவ்வளவும்.”

தாசில்தார் எழுந்தார். “பார்த்தீர்களா, அந்த ஜனங்கள் தங்கள் பாலத்துக்கே வெடி வைத்தார்கள். அதுபோல நீங்களும்…” என்று தொடங்கினார். கொட்டகையில் எவரும் அவரைக் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் குசுகுசு என்று ஒரு பேச்சு எழுந்து, ஆண்கள் பக்கம் தாவி, நாட்டார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “காலைல பேசிக்கலாம் சாமி” என்று முடித்துவிட்டார்.

நாட்டார் வீட்டில் சாப்பிடும்போது தாசில்தார் ஓயாமல் தண்ணீர் குடித்தார். சம்சாரத்தையும் குழந்தையையும் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் தனியாகச் சமைத்துத் தின்பதாகச் சொன்னார். கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதும் இதுதான் முதல் தடவையாம். அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வறுத்த மீனும் சோறும் அவர் தட்டில் பாதி மிஞ்சிப்போயின.

காலையில் பனைமரங்களுக்குக் கீழே எட்டு மாட்டு வண்டிகள் நின்றன. மரத்தை ஏற்ற வந்தவை. கடற்கரைக்கு ஓடினால் அங்கே ஒரு மரமும் இல்லை! நேற்று வரிசையாகக் கிடந்த இருபது சொச்சம் கட்டுமரங்களும் மாயம். வெறும் மணல்.

“எங்கே?” என்றார் தாசில்தார்.

“வூட்ல இருக்குது சாமி, துப்பாக்கி மாதிரி” என்றாள் கன்னியம்மாள்.

கட்டுமரம் என்பது படகு அல்ல. செதுக்கிய கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து வெயிலில் காயப்போடுவது இவர்கள் தினமும் செய்கிற வேலை. இன்று விடிவதற்குள் அவிழ்த்த கட்டைகளை ஒரே இடத்தில் போடாமல், வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்க, இன்னொரு வீட்டு வாசலில் உட்கார, கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுக்க. கயிறு மட்டும் பெண்கள் வசம். யோசனை கன்னியம்மாளுடையது. எனக்கு அப்படியே அவளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது!

தாசில்தார் முட்டாள் அல்ல. “கட்டைகள் கிடைத்தால் ஜப்பான்காரன் கட்டிக்கொள்ள மாட்டானா?” என்று கேட்டார்.

“கட்டட்டும் சாமி. எது நடுக்கட்டை, எது எந்த மரத்துக்குச் சோடின்னு வூட்டுக்காரனுக்குத்தான் தெரியும். மாத்திக் கட்டினா மொத அலைலயே கவுத்துடும்” என்றாள் கன்னியம்மாள்.

சோதனை நடந்தது. டவாலி தன் சிவப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் பட்ட நாலு கட்டைகளைக் கொண்டுவரச் செய்து மும்முரமாகக் கட்டினார். கட்டி முடித்ததும் தான் கட்டியதைத் தானே காலால் உதைத்துப் பார்த்து மெச்சிக்கொண்டார். அவரை அதில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்கள். முதல் அலை அவரைத் தூக்கி மணலில் போட்டது. இரண்டாவது அலை அவர் மேல் மரத்தைப் போட வந்தது. நல்ல வேளை, நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

“சரி. வேண்டுமென்றால் நீங்கள் எவ்வளவு சீக்கிரம் கட்டுவீர்கள்? ஆபத்தில் உங்களைக் கடல்காவலுக்கு அனுப்ப வேண்டி வந்தால்?” என்றார் தாசில்தார். அவர் முகத்திலும் உற்சாகம் ஏறிவிட்டதை நான் கவனித்தேன். கங்கையம்மன் கோயில் மணியை அவரே போய் அடித்தார்.

அடடா, அந்தக் காட்சி! ஒவ்வொரு சந்திலிருந்தும் கட்டைகள் ஆண்களின் தோளுக்குத் தோள் ஆடிக்கொண்டு ஓடி வந்தன. பெண்கள் இடுப்பில் சுற்றிய கயிற்றை அவிழ்த்து எறிந்தார்கள். ஒரு சத்தம், ஒரு சண்டை கிடையாது. நான் வெற்றிலை மடித்துப் போட்டு ஒருமுறை துப்புவதற்குள் கரை முழுவதும் மரங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பார்த்த அந்த ரொட்டிக்காரர்களும் பால்காரர்களும் இங்கே கோவணத்தோடு நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. நான் குதித்தேன். தாசில்தார் கை தட்டினார்.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. அந்த ஜனங்களைத் தவிர வேறு எந்தப் படையும் செய்திருக்க முடியாத தப்பு. கன்னியம்மாளின் சின்னத் தம்பி கடலைப் பார்த்து, “பாடு!” என்று கத்தினான். பாடு என்றால் அவர்கள் பேச்சில் நல்ல மீன்பிடிப்பு. அலைக்கு அப்பால் தண்ணீர் கறுத்து, பறவைகள் கொத்துக் கொத்தாக விழுந்து எழுந்தன. கானாங்கெளுத்திக் கூட்டம். தாசில்தார் வந்ததால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து கடலுக்குப் போகாமல் காத்துக் கிடந்தவர்கள். கட்டின மரம் காலடியில் இருக்கிறது. தாசில்தாரையும் மறந்தார்கள், ஜப்பானையும் மறந்தார்கள். வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு மொத்தப் படையும் கடலுக்குள் போய்விட்டது.

“நில்! நில் என்கிறேன்!” என்று தாசில்தார் அலை விளிம்பில் ஓடினார். பூட்ஸுக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம். முகம் சிவந்துவிட்டது. “இதுதான் உங்கள் கட்டுப்பாடா? நாளை எதிரி சுடும்போதும் மீன் பிடிக்கப் போவார்கள்!” வண்டிக்காரர்களைப் பார்த்து, “தயாராக இருங்கள். கரையேறியதும் ஒரு கட்டை விடாமல் ஏற்றுங்கள்” என்றார்.

கன்னியம்மாள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நானே கெடுத்துட்டேன் ஐயா. வூட்லயே கெடந்திருந்தா ஒவ்வொரு வூடா பூந்து தேடணும். இப்ப நாங்களே கட்டிக் கரைல கொண்டாந்து குடுக்கப் போறோம்” என்று என்னிடம் சொன்னாள். கூடப் போய் உட்கார்ந்தேன். என் பேச்சால் அல்லவா இந்த யோசனை வந்தது.

வெயில் ஏறியது. மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றும் மீன் பாரத்தில் தண்ணீருக்குள் முழுகி, ஆள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல் வந்தது. முதல் மரம் மணலைத் தொட்டதும், யார் வந்து இழுத்தாலும் அவருக்கு ஒரு கை மீன் என்பது அந்தக் கரையின் வழக்கம். தாசில்தாரின் உத்தரவு எங்கே போயிற்றோ, வண்டிக்காரர்கள் எட்டுப் பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். டவாலியும் ஓடினார். நானும் போனேன். உப்புக் கயிறு கையைக் கிழித்தது. நான் இழுத்ததற்கு எனக்கும் ஒரு கூடையில் பங்கு விழுந்தது. கரை முழுவதும் வெள்ளி.

தாசில்தார் மட்டும் தனியே நின்றார். அவர் பங்கு என்று நாட்டார் நாலு மீனை ஓலையில் கோத்துக் கையில் கொடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே அவர் கன்னியம்மாளிடம் வந்தார்.

“இன்று மீன் கூட்டம் வந்தது, ஓடினீர்கள். நாளைக்கு உண்மையாகவே அவன் வந்தால் என்ன செய்வாய்?” குரலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது. ராத்திரி முழுக்க அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி போலிருந்தது.

கன்னியம்மாள் எழுந்து நின்றாள். “வந்தா, இதே மாதிரி மணி அடிங்க சாமி. மரத்தக் கட்டிக்கினு புள்ளைங்களத் தூக்கிக்கினு கடலுக்குள்ள போய்டுவோம். கரைய வேணா புடிச்சிக்கட்டும். கடல் அவனுக்குக் கெடைக்காது.” கொஞ்சம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். “நீங்களும் வந்துடுங்க சாமி. தனியா இருக்காதீங்க. எங்க மரத்துல எடம் இருக்குது.”

தாசில்தார் கையிலிருந்த மீனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். பிறகு வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? வெயில் ஏறுகிறது. மரக்காணம் சந்தை கலைவதற்குள் மீனை ஏற்றுங்கள்.”

எட்டு வண்டியிலும் மீன் ஏறியது. வண்டிகள் பனைமரங்களைத் தாண்டிப் போவதற்குள் பெண்கள் மரங்களின் கட்டுகளை அவிழ்த்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள்.